மறு: மறு: பேராசிரியர் துரைராசா நினைவுச் சிலை – பங்களிப்பு வேண்டுகோள்

செயலாளர், ரொறன்ரோ

அன்பான உறவுகளே,

யூன் 11 நெருங்குது. 1994 இல் அந்த நாளில்தான் பேராசிரியர் அழகையா துரைராசா எங்களை விட்டுப் போனார். 1934 இல் இமையாணனில் பிறந்து, உடுப்பிட்டி அமெரிக்க மிஷன் கல்லூரியிலும் ஹாட்லிக் கல்லூரியிலும் படித்து, கேம்பிறிஜ் வரை போய், உலகம் முழுக்கப் படிக்கிற மண்ணியலில் தன் பெயரைப் பதித்த மனிசன். பேராதனையில் பொறியியல் பீடாதிபதி. 1988 முதல் 1994 வரை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தர். யாழ்ப்பாணத்து வடமராட்சி மண் பெற்ற பிள்ளைகளில் இவரைப் போல் இன்னொருவரைக் காட்டச் சொல்லுங்கள் பார்ப்பம்.

வாசிகசாலை முன்றலில் ஐந்தடிப் பீடத்தில் மார்பளவுச் சிலை வைப்பதென்று செயற்குழு முடிவெடுத்திருக்கு. குடும்பத்துக்கு 150 டொலர், லண்டன்காரருக்கு 100 பவுண். அயலூரார் தங்கட ஆக்களுக்கு எல்லாம் செய்து முடித்திட்டினம். நாங்கள் பின்னுக்கு நிக்கேலாது. காசை வழமையான கணக்குக்கு அனுப்பவும்.

ஒஸ்லோ

செயலாளர் அண்ணை, சிலை நல்ல விசயம்தான். ஆனா அதுக்கு முன்னம் ஒண்டு சொல்ல வேணும்.

அக்காவின்ரை மகன் விடுமுறைக்கு ஊருக்குப் போய் நிண்டவன். வாசிகசாலைத் தண்ணித் தாங்கியின்ரை படம் அனுப்பியிருக்கிறான், இணைத்திருக்கிறன். தாங்கி வைச்ச தட்டின்ரை அடிப்பக்கம் முன்றில் பக்க மூலையில கொங்கிறீற் பெயர்ந்து, ரெண்டு சாண் அகலத்துக்குக் கம்பி வெளிய தெரியுது. கம்பி முழுக்கத் துரு. பக்கத்துத் தூணில மேலயிருந்து கீழ நேர்கோடா ஒரு வெடிப்பு. அந்தத் தட்டுக்கு மேல ரெண்டாயிரம் லீற்றர் தண்ணி நிக்குது. பின்னேரத்தில பிள்ளையளுக்கு ரியூசன் நடக்கிறது அந்த நிழலுக்குக் கீழதான். நாங்கள் காசு குடுத்துக் கட்டின தாங்கி அது. முதல்ல இதைப் பாருங்கோ.

லண்டன் (முன்னாள் கணக்காய்வாளர்)

தாங்கியைப் பற்றிப் பேச்சு வந்தபடியால் கேட்கிறேன். அந்த வேலையின் பற்றுச்சீட்டுகளை நான் இன்னும் வைத்திருக்கிறேன். வரைபடமும் என்னிடம் இருக்கு. அளவுகள் இவை:

தட்டு 3 மீற்றருக்கு 3 மீற்றர், தடிப்பு 125 மில்லிமீற்றர்: 1.13 கனமீற்றர். தூண் நான்கு, ஒவ்வொன்றும் 225க்கு 225, உயரம் 6 மீற்றர்: 1.22. வளை (குறுக்கு விட்டம்) இரண்டு அடுக்கு, 225க்கு 300: 1.62. அத்திவாரம் நான்கு, 1.2க்கு 1.2க்கு 0.3: 1.73. மொத்தம் 5.7 கனமீற்றர். சீமெந்து, மணல், கல் 1:2:4 கலவைக்குக் கனமீற்றருக்கு ஆறரைப் பை சீமெந்து போகும். ஆக 37 பை. சேதாரம் சேர்த்து 40. பூச்சுக்கு இன்னும் ஆறு போடுவோம்.

பற்றுச்சீட்டில் 74 பை இருக்கு. மிச்சம் 28 பை எங்கே?

கம்பியும் அப்படித்தான். தட்டுக்கு 10 மில்லிமீற்றர்க் கம்பி 150 மில்லிமீற்றர் இடைவெளியில் இரண்டு பக்கமும் என்றால் 126 மீற்றர், மீற்றருக்கு 0.617 கிலோ, ஏறக்குறைய 78 கிலோ. ஒஸ்லோத் தங்கச்சி அனுப்பிய படத்தில் கம்பிக்கும் கம்பிக்கும் இடையில் ஒரு அடி இருப்பதை நான் மட்டுமா பார்க்கிறேன்? வாங்கிய கம்பியில் பாதி தட்டுக்குள் போகவில்லை.

இதற்கு விடை வராமல் சிலைக்கு நான் ஒரு சதமும் தர மாட்டேன். அவர் கணக்கு மனிசன். கணக்கு மூடாத காசில் அவருக்குச் சிலை வைப்பது அவருக்குச் செய்கிற மரியாதை இல்லை.

ரொறன்ரோ (வாசிகசாலைப் பக்கம்)

லண்டன் அண்ணைக்கு, 28 பை எங்கை போனதெண்டு ஊருக்கே தெரியும், உங்களுக்கும் தெரியும். தெற்கு வாசல் மதில் விழுந்து கிடக்கேக்கை உங்கட பெரியப்பாதான் வந்து நிண்டு ஏத்துவிச்சவர். அப்ப ஒருத்தரும் பற்றுத்துண்டு கேக்கேல்லை. மதிலுக்குப் போட்ட சீமெந்தை இப்ப எங்கட தலையில கட்டாதேங்கோ. கம்பியைப் பற்றி மேசனைக் கேளுங்கோ. மேற்பார்வைக்கு ஆள் அனுப்புறம் எண்டு சொன்னது லண்டன் கிளைதான். ஆரும் வரேல்லை. தொண்டைமானாற்று ஆக்கள் சிரிக்க நாங்களே எங்களை இழுத்து விழுத்துறம்.

சிட்னி

இரண்டு பேரும் ஒருக்கா நில்லுங்கோ. மதில் கணக்கு இருக்கட்டும், தாங்கி காத்திராது.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கம்பிக்குக் கீழே அதை மூடியிருந்த கொங்கிறீற்றின் தடிப்பு ஒரு சென்ரிமீற்றர்கூட இல்லை. கடலுக்கு இவ்வளவு கிட்ட, வெளியில நிற்கிற தட்டுக்கு 40 மில்லிமீற்றர் வேணும். கம்பிக்குக் கீழ சிறு கட்டை வைக்காமல் பலகையிலயே கம்பியைக் கிடத்திப் போட்டால் இதுதான் வரும். சீமெந்தின் காரத்தன்மை கம்பியைத் துருவிலிருந்து காக்கும். காற்றிலுள்ள கரியமிலவாயு மெல்ல உள்ளே போய் அந்தக் காரத்தைத் தின்னும். உப்பு இருந்தால் காரம் இருக்கும்போதே துரு பிடிக்கும். துரு இரும்பைவிட இரண்டு மூன்று மடங்கு இடம் எடுக்கும், அந்த விரிவுதான் கொங்கிறீற்றைத் தள்ளி வீழ்த்துது. தூணில் நேர்கோடாய் வெடிப்பு என்றால் உள்ளே மூலைக்கம்பி துருப்பிடிக்கத் தொடங்கியிருக்கு என்று எடுங்கோ.

உப்பு எங்கேயிருந்து வந்தது என்பதை ஊரிலேயே கண்டுபிடிக்கலாம். பள்ளிக்கூட இரசாயன ஆய்வுகூடத்தில் வெள்ளி நைத்திரேற்று இருக்கும், பினோத்தலீனும் இருக்கும். உடைந்த முகத்தைப் புதிதாய்ச் சிறிது கொத்தி, தூசு தட்டி, பினோத்தலீனைத் தெளிக்கவும். இளஞ்சிவப்பு வந்தால் காரம் மிச்சம், நிறம் வராத ஆழம் மட்டும் காரம் போயிட்டுது. வேறொரு இடத்தில் வெள்ளி நைத்திரேற்று. பால் வெள்ளையாய்ப் படிந்தால் உப்பு. உப்பு ஆழத்துக்கும் இருந்தால் அது காற்றில் வந்ததில்லை, கலக்கும்போதே உள்ளே போனது: உவர்க் கிணற்றுத் தண்ணி, அல்லது கழுவாத கடற்கரை மணல். குடத்தனை, அம்பன் பக்க மணல்மேட்டு மணலில் இன்னொரு சிக்கல் இருக்கு. மிக நுண்ணியது, எல்லாம் ஒரே அளவு. கையால் கலக்கும்போது இறுகி நிற்கும், மேசன் தண்ணியைக் கூட்டுவார். 50 கிலோப் பைக்கு 22 லீற்றர் ஊற்ற வேண்டியதுக்கு 35 ஊற்றினால் கொங்கிறீற் ஊசித்துளையாய்ப் போகும், உப்பும் காற்றும் அந்த வழியால் போகும்.

செய்ய வேண்டியது: இன்றைக்கே தாங்கியை இறக்கச் சொல்லுங்கோ, அல்லது வெறுமையாக்குங்கோ. 2000 லீற்றர் என்றால் இரண்டு தொன். ரியூசனைக் கூடத்துக்குள் மாற்றவும். தட்டின் கீழ் முட்டு வைத்து, சுத்தியலால் முழுக்கத் தட்டிப் பார்க்க வேணும். பொள்ளல் சத்தம் கேட்கிற இடம் எல்லாம் விட்டிட்டுது. வெளியில தெரிகிற துண்டை மட்டும் பூசி மறைப்பதுதான் எங்கும் நடக்கிற பிழை, இரண்டு மாரியில் பக்கத்தில் பெயரும். கம்பியின் பின்புறம் விரல் போகுமளவு, 20 மில்லிமீற்றராவது, கொத்த வேணும். துருவைக் கம்பித் தூரிகையால் எடுத்து அளக்கவும். 10 மில்லிமீற்றர்க் கம்பி 9க்குக் கீழே போயிருந்தால் குறுக்குப் பரப்பில் ஐந்தில் ஒன்று போய்விட்டது, பக்கத்தில் புதுக்கம்பி வைத்து இரு பக்கமும் 500 மில்லிமீற்றர் மேற்பொருத்த வேணும். ஆனால் கம்பி ஒரு அடி இடைவெளியில்தான் இருக்கு என்பது உண்மையென்றால் திருத்துகிற கதையே இல்லை, தட்டை இடித்துப் போடுங்கோ.

இனிச் சிலை. இதே மணலில், இதே தண்ணியில், இதே கைகளால் கொங்கிறீற் சிலை செய்தால், மூக்கும் காதும்தான் முதலில் பெயரும், ஏனென்றால் கம்பி மேற்பரப்புக்கு மிகக் கிட்ட இருக்கிற இடம் அவை. துரைராசா சேரின் முகம் அப்படி நிற்கிறதை நான் பார்க்க விரும்பேல்லை.

பரிஸ்

சிட்னி அண்ணை சொன்னது சரி. நான் வேற ஒண்டு கேக்கிறன். சிலைக்கு முதல் அவற்றை குடும்பத்தைக் கேட்டியளோ? பேராசிரியர், துணைவேந்தர் எண்டு நாங்கள் சொல்லுறம். அந்த வீட்டுக்கு அவர் கணவர், அப்பா. ஊரார் காசு சேர்த்து முகத்தை வடிக்கிறதுக்கு அவை ஓமெண்ட வேணும்.

அவர் துணைவேந்தரா இருந்த காலத்தைப் பிள்ளையளுக்குச் சொல்லேக்கை விளங்குதில்லை. 1990இல கரண்ட் போனது போனதுதான். ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்சம் பஞ்சு, பஞ்சு நனைய மண்ணெண்ணெய், மூடியில ஓட்டை போட்டு ஒரு திரி. பஞ்சு எண்ணெயைப் பிடிச்சு வைச்சிருக்கும், போத்தல் சரிஞ்சாலும் ஊத்துண்ணாது, அம்பது மில்லியில ஒரு இரவு படிக்கலாம். திரி தடிச்சால் புகைக்கும், எண்ணெயும் குடிக்கும். மோட்டார்சைக்கிளுக்கு காபரேற்றருக்குள்ள நாலு துளி பெற்றோல் விட்டு உதைச்சுப் பிறகு மண்ணெண்ணெயில ஓட்டினது. கம்பஸ் பிள்ளையளின்ரை சோதினை, விரிவுரை எல்லாம் இதுக்குள்ளதான் நடந்தது. ஆனையிறவுப் பாதை பூட்டு, கிளாலிக் கடலேரியால வள்ளத்தில இரவில கடக்க வேணும். வெளியில போகக்கூடிய படிப்பு அவரிட்டை இருந்தது. அவர் கம்பஸுக்குச் சைக்கிளில வந்தார். துணைவேந்தர் சைக்கிளில போறார் எண்டு சனம் ரோட்டில நிண்டு பாக்கும். அந்தக் காலத்திலதான் 1990இல கிளிநொச்சியில விவசாய பீடம் தொடங்கினது. பொறியியல் பீடம் கிளிநொச்சிக்கு வந்தது 2014இல. அவர் அதைக் காணேல்லை.

அந்த மனிசனுக்கு ஐந்தடிப் பீடம் எண்டது எனக்கு மனசுக்குள்ள ஒட்டேல்லை. பெருமையைச் சொல்லுறியள் செயலாளர் அண்ணை, பெருமை எங்களுக்கா அவருக்கா?

செயலாளர், ரொறன்ரோ

பெருமை ஊருக்கு. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கட பிள்ளையள் இங்க பல்கலைக்கழகத்தில் மண்ணியல் படிக்கினம், புத்தகத்தில் இருக்கிற அந்த விசயத்தைக் கண்டவர் தங்கட அப்பம்மாவின் ஊர்க்காரர் எண்டு அவைக்குத் தெரியாது. சிலை இல்லாட்டி வேற எப்பிடித் தெரியப் போகுது? குடும்பத்தைக் கேட்காதது பிழைதான், இன்றைக்கே கதைக்கிறேன். ஆனா மாற்றாக என்ன செய்யலாம் எண்டு ஆரும் சொல்லாமல் சிலையை மட்டும் வெட்டாதேங்கோ.

சிட்னி

செயலாளர் அண்ணையின் கேள்விக்கு மறுமொழி.

பிள்ளையளுக்கு அவரைத் தெரிய வேணும் என்றால் அவர் கண்டதைத் தெரிய வேணும். 1963இல் றொஸ்கோ, ஸ்கோஃபீல்ட், துரைராசா மூன்று பேரும் சேர்ந்து ஜியோரெக்னிக் இதழில் எழுதிய கட்டுரைதான் இன்று கேம்–களி என்று எல்லா இடமும் சொல்லுகிற கோட்பாட்டின் வேர். கேம்பிறிஜில் ஓடுகிற கேம் ஆற்றின் பெயர் அதுக்கு. அதன் நடுவில் நிற்கிற சமன்பாடு இவருடைய ஆய்வில் இருந்து வந்தது. ஸ்கோஃபீல்ட் பிற்காலத்தில் எழுதினவற்றில் துரைராசா என்று பெயர் சொல்லித்தான் அதைக் குறிப்பிடுகிறார்.

அவர் கேட்ட கேள்வி: மண்ணை நசுக்கித் திருகும்போது நாங்கள் போடுகிற வேலை எங்கே போகுது? ஒரு பங்கு, மண் விரிந்து அமுக்கத்துக்கு எதிராக மேலே எழும்புவதில் போகும். ஒரு பங்கு, சுருள்வில்லில் போல மண்ணுக்குள் சேமிப்பாகும், அமுக்கம் குறையும்போது திரும்பி வரும். மிச்சம் வெப்பமாய் அழியும். தண்ணி வெளியேற விடாமல் களியைத் திருகினால் மொத்தக் கனவளவு மாறாது, ஆகவே முதல் பங்கு இல்லை என்றுதான் தோன்றும். அப்படி எடுத்தால் கணக்கு ஒவ்வொரு பரிசோதனையிலும் வேற வேற விடை தரும். உள்ளே துணிக்கைகள் நிரந்தரமாய் நெருங்குகின்றன, அதே அளவுக்கு மீள்தன்மையால் விரிகின்றன, அந்த விரிவில் சேமிப்பு வேலை விடுபடுகிறது. அதை எண்ணிக் கழித்தபோது எல்லாப் பரிசோதனையும் ஒரே விடைக்கு வந்தது: அழிகிற வேலை, சராசரி அமுக்கத்தையும் திரிபையும் (மண் உருமாறுகிற அளவு) ஒரு மாறிலியையும் பெருக்கினால் கிடைப்பது மட்டும்தான். வெறும் உராய்வு. மண் இறுக்கமா நெகிழ்வா, விரிகிறதா சுருங்குகிறதா என்பதில் அது தங்கியில்லை.

கயோலின் களிக்கு அந்த மாறிலி 1.02 அளவில் வரும். 200 கிலோபஸ்கால் அமுக்கத்தில் நூற்றில் ஒரு பங்கு திரிபுக்கு, ஒரு கனமீற்றர்க் களியில் ஏறக்குறைய 2 கிலோஜூல் அழியும். உயர்தர வகுப்புப் பிள்ளைக்கு இந்தப் பெருக்கல் புரியும்.

களியில் செய்து காட்டுவது ஊரில் முடியாது. முவ்வச்சுப் பரிசோதனைக்கு (மாதிரியைச் சுற்றிவர அமுக்கி மேலிருந்து நசுக்கிப் பார்ப்பது) 38 மில்லிமீற்றர் விட்டமும் 76 உயரமும் உள்ள மாதிரி, இறப்பர் உறை, காற்றகற்றிய தண்ணி, அமுக்கம் பிடிக்கிற கலம் எல்லாம் வேணும். உறையில் ஊசித்துளை இருந்தாலோ குழாயில் ஒரு காற்றுக்குமிழ் நின்றாலோ நாட்கணக்கில் செய்த அளவீடு வீண். அவசரப்பட்டு வேகமாய் நசுக்கினால் நடுவிலுள்ள நீரமுக்கத்தை அடியிலுள்ள மானி காணாது.

ஆனால் மணலில், வெட்டுப்பெட்டியில் (மண்ணைக் குறுக்கே தள்ளி அதன் பலத்தை அளக்கிற பெட்டி) காட்டலாம். ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நான் கேட்பது இது. பித்தளையிலோ உருக்கிலோ 60க்கு 60 மில்லிமீற்றர்ப் பெட்டி, நடுவால் இரண்டாய்ப் பிரிந்தது. மேலே பாரம் போட 10:1 நெம்புகோல். 100 கிலோபஸ்காலுக்கு 360 நியூற்றன் வேணும், நெம்புகோலில் 3.7 கிலோ தொங்கவிட்டால் போதும். பக்கவாட்டில் தள்ளத் திருகுத்தண்டு, விசையளக்க ஒரு வளையம், 0.01 மில்லிமீற்றர் காட்டுகிற முகப்புமானி இரண்டு: ஒன்று கிடை நகர்வுக்கு, மற்றது மூடி எவ்வளவு எழும்புது என்று பார்க்க. லேத் வைத்திருக்கிற பட்டறை எதுவும் செய்யும், மானிகளும் வளையமும் வாங்க வேணும்.

செய்முறை: மணலை 105 பாகையில் உலர்த்தவும். ஈரமிருந்தால் துணிக்கைகள் ஒட்டிப் பொய்ப்பலம் காட்டும். ஒருதரம் புனலால் மெல்ல விட்டு நெகிழ்வாய், இன்னொருதரம் மூன்று படையாய் இடித்து இறுக்கமாய் நிரப்பவும். பாரத்தைப் போட்டபின் பூட்டாணிகளைக் கழற்றி, மேற்பாதியை அரை மில்லிமீற்றர் உயர்த்தவும். பூட்டாணியைக் கழற்ற மறப்பது எல்லா ஆய்வுகூடத்திலும் நடக்கும், அப்ப ஆணியின் பலத்தைத்தான் அளப்பீர்கள். இடைவெளி விடாட்டி உலோகத்தில் உலோகம் உரசும், கூட விட்டால் மணல் கசியும். நிமிடத்துக்கு ஒரு மில்லிமீற்றர் வேகம். ஒவ்வொரு 0.2 மில்லிமீற்றருக்கும் மூன்று அளவையும் எழுத வேணும்.

இறுக்க மணல் உச்சிக்கு ஏறிப் பிறகு இறங்கும். நெகிழ் மணல் மெல்ல ஏறி நிற்கும். கடைசியில் இரண்டும் ஒரே இடத்துக்கு வரும். எடுத்துக்காட்டுக்கு, 100 கிலோபஸ்காலின் கீழ் இறுக்க மணலின் உச்சத்தில் பக்கவாட்டு எதிர்ப்பு 85 கிலோபஸ்கால் வந்தது என்று வைப்பம். அந்தக் கணத்தில் மூடி, கிடை நகர்வின் 0.22 பங்கு வேகத்தில் எழும்பினால், 0.85இல் 0.22ஐக் கழிக்க 0.63. நெகிழ் மணல் கடைசியில் நின்றது 63இல் என்றால் அதுவும் 0.63. எழும்பலுக்குப் போன வேலையைக் கழித்தால் மிஞ்சுவது ஒரே உராய்வு. அளவீட்டில் சிறிது முன்பின் வரும், ஆனால் இரண்டு கோடும் கிட்டக்கிட்ட விழும். இந்தக் கழித்தல் மணலுக்கு 1948இலேயே ரெய்லர் என்ற மண்ணியல் அறிஞர் காட்டியது. களிக்கும் அது பொருந்தும் என்று சேமிப்பு வேலையையும் சேர்த்து நிறுவினதில் இருக்கு துரைராசாவின் கை. பிள்ளை தன் கையால் அந்தக் கழித்தலைச் செய்தால் அவரைத் தெரிந்துகொள்ளும்.

பெட்டிக்கு மேல் ஒரு சிறு பித்தளைத் தகடு, பெயரும் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும். அது போதும்.

ரொறன்ரோ (வாசிகசாலைப் பக்கம்)

தாங்கியை இன்றைக்குக் காலமை வெறுமையாக்கிப் போட்டினம். ரியூசன் கூடத்துக்குள்ள. பள்ளிக்கூட இரசாயன மாஸ்டர் வெள்ளி நைத்திரேற்று கொண்டுவந்து ஊத்தினவர், கம்பி மட்டத்திலயும் வெள்ளைதான். கம்பி இடைவெளி 280 மில்லிமீற்றர். லண்டன் அண்ணை சொன்னது சரி, சிட்னி அண்ணை சொன்னமாதிரி தட்டு இடிக்கத்தான் வேணும். மதில் விசயத்தில நான் சொன்னதில நான் நிக்கிறன்.

லண்டன் (முன்னாள் கணக்காய்வாளர்)

மதிலை நானும் மறக்கவில்லை. பெரியப்பா ஏற்றுவித்தது 12 பை, துண்டு என்னிடம் இருக்கு. மிச்சம் 16. அதைப் பிறகு கதைப்போம்.

புதுத் தட்டுக்கு: 1:1½:3 கலவை, 1.13 கனமீற்றருக்கு 9 பை, ஒரு பை கூட. நன்னீர்க் கிணற்றுத் தண்ணி, பவுசரில். கம்பிக்குக் கீழே 40 மில்லிமீற்றர்ச் சீமெந்துக் கட்டை, மீற்றருக்கு ஒன்று. கொங்கிறீற் போட முன்னம் கம்பிக்கு மேல் அளவுநாடாவை வைத்துப் படம் எடுத்து இந்தக் குழுவுக்கு அனுப்ப வேணும். படம் வராமல் காசு போகாது. ஏழு நாள் சாக்குப் போட்டு நனைக்க வேணும், 14 நாள் முட்டு எடுக்கக் கூடாது.

வெட்டுப்பெட்டிக்கு மூன்று இடத்தில் விலைக்கூறு எடுங்கோ, முகப்புமானிக்குத் தனியாக. அதுக்கு என் பங்கு 300 பவுண், இன்றைக்கு அனுப்புகிறேன், வேறு கணக்கில். செயலாளர், குடும்பம் என்ன சொல்லிச்சு?